ரெண்டு மடக்குப் பால்

நீங்க டீச்சர்தான? பைக்குள்ள செவப்புப் பேனாவும் பரீட்சைப் பேப்பர்க் கட்டும் தெரியுது, அதான் கேட்டேன். நான் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கேன், கல்லிடைக்குறிச்சிப் பக்கம். பதினாறு வருசமாச்சு. டீச்சர்மாரு நடந்து வந்தாலே எனக்குத் தெரிஞ்சிரும். திருநெல்வேலிக்கா போறீங்க? நல்லதாப் போச்சு, நானும் அதுவரைக்கும்தான். அங்கேருந்து வேற பஸ் பிடிக்கணும்.

மதுரையில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன். எனக்கு ஒண்ணும் இல்ல. என் தம்பி மவளுக்கு. கனிஷ்கான்னு பேரு, நாங்க கனிம்போம். நாலு வயசு ஆகப் போவுது. நல்லாயிட்டா டீச்சர், நல்லாயிட்டா. இன்னைக்குப் பாத்துட்டு, இனி ஒரு வருசம் கழிச்சு வந்தாப் போதும்னு டாக்டர் சொல்லிட்டாவ. கண்ணுல மஞ்சள் கிடையாது, காய்ச்சல் கிடையாது, ரெண்டு கிலோ கூடியிருக்கா. சந்தோசமான செய்திதான். பஸ்ஸு கெளம்பும்போது நான் கண்ணைத் தொடச்சதப் பாத்தீங்க போல. அது தூசி. மாட்டுத்தாவணியில என்ன தூசி பறக்குது பாருங்க.

என் தம்பி பேரு சுடலைமணி. லோடு ஆட்டோ ஓட்டுதான். எங்க அம்மா போகும்போது எனக்குப் பத்தொன்பது வயசு, அவனுக்கு ஏழு. நான் வாக்கப்பட்டுப் போன வீட்டுக்கும் அவனைக் கூட்டிட்டுத்தான் போனேன். என் வீட்டுக்காரரு நல்ல மனுசன், ஒரு சொல்லு சொல்லல. அவரு தவறின பெறவு என் மவன் மஸ்கட்டுக்குப் போயிட்டான். அப்பவும் நானும் தம்பியும் ஒரே வீட்டுலதான். அவனுக்குப் பொண்ணு பாத்ததும் நான்தான். செண்பகம்னு பேரு, கோவில்பட்டிக்காரி. சத்தமே வராது அவளுக்கு. தண்ணி வேணும்னாக்கூட, 'மைனி, அந்தச் செம்பு'ன்னு பாதி சொல்லிட்டு நிறுத்திருவா. இப்படிப்பட்ட பிள்ளைதான் நம்ம வீட்டுக்கு வேணும்னு அன்னைக்கு நெனைச்சேன்.

கனிக்கு மூணு வயசு முடிஞ்ச மறு மாசம் வயித்து வலின்னு சுருண்டா. கண்ணெல்லாம் மஞ்சள். மஞ்சக்காமாலைன்னு கீழாநெல்லி அரச்சுக் குடுத்தேன். போகுது, மறுபடி வருது. அம்பாசமுத்திரத்துல ஸ்கேன் எடுத்துட்டு, மதுரைக்குக் கொண்டு போங்கன்னு எழுதிக் குடுத்துட்டாவ. அங்க டாக்டர் ஒரு தாளுல படம் போட்டுக் காட்டினாவ. ஈரல்லேருந்து பித்தம் எறங்கி வார குழாயி பலூன் மாதிரி வீங்கிக் கெடக்காம். அந்த வீங்குனத வெட்டி எடுத்துட்டு, குடலை மேல இழுத்து ஈரலோட தைக்கணுமாம். மூணு வயசுப் பிள்ளைக்கு! செண்பகம் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. தம்பி என் மூஞ்சியப் பாத்தான். "எப்பம் செய்யணும் சார்?"னு நான்தான் கேட்டேன். யாராவது கேக்கணும்லா.

அந்த ஆப்பரேசன் செவ்வாய்க்கிழமை மட்டும்தான். திங்கக்கிழமை காலையிலயே சேத்துட்டோம். பொம்பளையாளு ஒருத்தருக்குத்தான் பாஸு, மஞ்சள் அட்டையில ஒரு நம்பர் போட்டுக் குடுப்பாவ. முத நாளு மட்டும் ரெண்டு பேரும் இருந்தோம், கெஞ்சிக் கேட்டு. சாயங்காலம் நர்ஸ் வந்து, ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாவ. சோறு, பாலு, தண்ணி, ஒண்ணும். மயக்க மருந்து குடுக்கையில வாந்தி வந்து நெஞ்சுக்குள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்துன்னு நல்லா வெளக்கமாச் சொன்னாவ.

யார்கிட்டயா? அங்க நின்னவிய கிட்டத்தான். கேளுங்க.

மறுநாள் காலைல பிள்ளைக்குப் பச்சை கவுன் மாட்டி, தியேட்டர் வாசல்ல கொண்டு போயாச்சு. ஒரு டாக்டரம்மா வந்து, "கடைசியா எப்ப என்ன குடுத்தீங்க?"ன்னு கேட்டாவ. செண்பகம் சிரிச்ச முகமாச் சொல்லுதா: "அஞ்சரைக்கு ரெண்டு மடக்குப் பாலு குடிச்சா மேடம். அழுதா, அதான்." அந்த டாக்டரம்மா கையில இருந்த சீட்ட அப்படியே மடக்கிட்டாவ. "கேன்சல், அடுத்த கேஸக் கூப்பிடுங்க"ன்னுட்டாவ.

 தம்பி அந்த வராண்டாவுலயே அவளை அடிக்கக் கை ஓங்கிட்டான். என் தம்பி அது வரைக்கும் ஒருத்தர் மேலயும் கை ஓங்கினது கிடையாது. அவ, "எங்கிட்ட யாரும் சொல்லலயே, எங்கிட்ட யாரும் சொல்லலயே"ன்னு அதையே சொல்லுதா. காலைல டூட்டிக்கு வந்த நர்ஸ் நோட்டப் புரட்டிப் பாத்துட்டு, "சொல்லியாச்சுன்னு எழுதியிருக்கே"ன்னாவ. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. நான்தான் தம்பி கையப் பிடிச்சு இழுத்தேன். "விடுல, அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ளை"ன்னு சொன்னேன். நான் அவளுக்குப் பரிஞ்சுதான் பேசினேன் டீச்சர். அத யாரும் இப்பம் நெனைச்சுப் பாக்க மாட்டாவ.

அடுத்த செவ்வாய்க்கு ஏழு நாளுதான, இருந்துருவோம்னு இருந்தோம். நாலாம் நாளு காய்ச்சல் வந்துட்டு. அந்த வீங்கின குழாயில கிருமி ஏறிட்டாம். நூத்தி நாலு. பிள்ளை பெனாத்துது. கையில ஊசி, மூக்குல ஆக்சிஜன். அந்தச் செவ்வாயும் போச்சு. அடுத்த செவ்வாயும் போச்சு. டாக்டர் தம்பியக் கூப்பிட்டு, அன்னைக்கே செஞ்சிருந்தா இது வந்துருக்காதுன்னு சொன்னாவ. அத அவன் வந்து அவகிட்ட அப்படியே சொன்னான். அவ சேலை முந்தானைய வாயில வச்சிக்கிட்டு உக்காந்துட்டா.

அப்பம்தான் நான் முடிவு பண்ணினேன். நர்ஸ்கிட்ட போயி, "பெத்தவ மனசு எளகிப் போயிருவா சிஸ்டர், பிள்ளை அழுதா எதையாவது குடுத்துருவா. நான் நிக்கேன்"னு சொன்னேன். அவியளும் சரின்னுட்டாவ. செண்பகத்துக்கிட்ட பாஸக் கேட்டேன். அவ கழுத்துலேருந்து கழத்திக் குடுத்தா. குடுத்தா டீச்சர், நான் பிடுங்கல.

அதுக்கும் அடுத்த செவ்வாதான் ஆப்பரேசன், ஆறு மணி நேரம் நடந்துது. நான் வாசல்ல நின்னேன், அவ மாடிப்படியில உக்காந்திருந்தா. கிட்ட வரல. நானும் கூப்பிடல.

அதுக்குப் பெறவுதான் டீச்சர் கொடுமை. ஆறு நாளு பிள்ளை வாயில பச்சத்தண்ணி படக் கூடாது. உள்ள தச்ச குடலு ஒட்டணும்லா. மூக்கு வழியா ஒரு குழாயி, வயித்துலேருந்து ஒரு குழாயி. அதப் பிடுங்கிரக் கூடாதுன்னு கையில அட்டை வச்சுக் கட்டி, கட்டிலுக் கம்பியில முடிஞ்சிருப்பாவ. நர்ஸ் கட்டுனது அவுந்துரும், நான் கட்டினா அவுறாது. அரிசி மூட்டை கட்டுத கைல்லா. "அத்தை தண்ணி, அத்தை தண்ணி"ன்னு ராப்பகலா இதே கேள்விதான். பஞ்ச நனைச்சு உதட்டுல மட்டும் ஒத்தலாம்னாவ. ஒத்தினா அந்தப் பஞ்சையே உறிஞ்சுதா. பிடுங்கினா கடிச்சிட்டா. இந்தா பாருங்க, இந்த வெரல்ல, இன்னும் தழும்பு போகல. அவ தண்ணி கேக்கும்போது நான் எப்படிக் குடிக்க? கக்கூசுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டுக் குடிப்பேன். அங்க நின்னு குடிச்ச தண்ணி இன்னும் தொண்டையில நிக்கி.

பதினோரு நாளு நான் படி எறங்கல. நம்புவீங்களா? மூணாவது மாடி. கீழ போனா நல்ல காத்து, டீக்கடை, குளிக்க எடம் எல்லாம் உண்டு. மத்த பொம்பளைங்க மாத்தி மாத்திப் போவாவ, வருவாவ. நான் எறங்கினா பாஸக் குடுத்துட்டு எறங்கணும். பாஸக் குடுத்தா அவ உள்ள வருவா. அவ வந்தா தண்ணி குடுத்துருவா. எப்படிப் போக? ஜெயிலு மாதிரித்தான். கட்டிலுக்கும் சொவருக்கும் நடுவுல ஒண்ணரை அடி எடம், அதுல ஒருச்சாச்சுப் படுத்துக் கெடந்தேன். கழுத்து பிடிச்சது பிடிச்சதுதான். தம்பி சாப்பாட்டுப் பொட்டலத்த வாசல் காவக்காரர்கிட்ட குடுத்து விடுவான். அவளும் அதுல ஒரு துண்டுச் சீட்டு வச்சு விடுவா. 'மைனி, கனி தூங்குதாளா?' 'மைனி, கனிக்கு முடி சிக்கு விழும், பின்னி விடுங்க.' நான் என்னத்த பதில் எழுத. எனக்கு எழுத்தும் சொமாருதான்.

சாயங்காலம் நாலுலேருந்து அஞ்சு வரைக்கும் பாக்க விடுவாவ. ஆப்பரேசனுக்கு மறுநாள் வந்தா. பிள்ளை அவளைக் கண்டதும் கட்டின கையோட எந்திரிச்சு இழுக்கா, வயித்துக் குழாயில ரெத்தம் வந்துட்டு. நர்ஸ் வந்து சத்தம் போட்டாவ. நான் சொன்னேன், "செண்பகம், ரெண்டு நாளைக்கு வராத தாயி, பிள்ளை நல்லதுக்குத்தான்". சரின்னு தலையாட்டிட்டுப் போனா. ரெண்டு நாளுன்னுதான் சொன்னேன். மூணாம் நாளு அவளும் வந்து நின்னா. பிள்ளை அப்பம்தான் கண்ணசந்திருந்தா. இன்னும் ரெண்டு நாளுன்னேன்.

பெறவு ஒரு வேலை செஞ்சா பாருங்க. கீழ மோட்டார் ரூமுக்குப் பக்கத்துல போயி நின்னுக்கிட்டு மேல பாக்கா. காலைல ஏழு மணிக்கு வந்தா வெயில் உச்சிக்கு வார வரைக்கும் நிப்பா. எங்க கட்டிலு சன்னலு பக்கம். பிள்ளை ஒரு நாளு பாத்துட்டா. "அம்மா, அம்மா"ன்னு ஒரே அலறல். நான் சன்னலச் சாத்திட்டேன். பக்கத்துக் கட்டிலு ராமநாதபுரத்துக்காரி, "ஏம்மா, பெத்தவள ஒரு மணி நேரம் விட்டாத்தான் என்ன?"ன்னு கேட்டா. அவளுக்கு என்ன தெரியும். அவ பிள்ளைக்குக் குடலிறக்கம், மூணு நாளுல வீட்டுக்குப் போயிட்டா.

ஏழாம் நாளு முத முதல்ல ரெண்டு ஸ்பூன் தண்ணி குடுக்கலாம்னு சொன்னாவ. நான்தான் குடுத்தேன். பிள்ளை முழுங்கிட்டு என்னையப் பாத்து, "இன்னும் கட்டுவியா?"ன்னு கேட்டா. "இல்ல கண்ணு, கட்ட மாட்டேன்"னு சொன்னேன். அழக்கூட இல்ல. அதுக்குப் பெறவு நான் சொல்லுததெல்லாம் கேப்பா. ஊசி போட வந்தா கைய நீட்டுவா. நர்ஸெல்லாம் சொன்னாவ, இவ்வளவு சமத்தான பிள்ளைய நாங்க பாத்ததில்லன்னு.

ஏன் டீச்சர் அப்படிப் பாக்கீங்க? சமத்துத்தான.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. பிள்ளை அவ அம்மா இடுப்ப விட்டு எறங்கல. நான் கூப்பிட்டா வருவா, நிப்பா, போறேன்னு கேட்டுட்டுப் போவா. செண்பகம் எப்பவும் போலத்தான். எனக்குத் தட்டு வைப்பா, தண்ணி வைப்பா. தம்பி மட்டும் அவகிட்ட பேச மாட்டான். ரெண்டு மாசம் அவ அந்த வீட்டுல தல குனிஞ்சுக்கிட்டே நடந்தா. நான்கூட தம்பிகிட்ட சொன்னேன், "நடந்தது நடந்துட்டு, பேசுல அவகிட்ட"ன்னு. சொன்னேன்.

மூணாம் மாசம் பரிசோதனைக்குப் போனோம், எல்லாருமாத்தான் போனோம். ரெத்தம் எடுக்கிற எடத்துல அன்னைக்குச் சாயங்காலம் வந்த அதே நர்ஸ். வாழவந்தம்மான்னு பேரு, சட்டையில குத்தியிருப்பாவ. என்னையக் கண்டதும் சிரிச்சாவ. "என்னம்மா, இந்தப் பிள்ளைதான? அன்னைக்கு அவ்வளவு நேரம் நின்னு உங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பால்கூட ஆகாதுன்னு. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு விட்டுட்டீங்களே"ன்னாவ.

செண்பகம் பிள்ளையோட சட்டைப் பித்தானப் போட்டுக்கிட்டு இருந்தவ, நிமிந்தா.

"மைனி, உங்ககிட்டயா சொன்னாங்க?"

"ஆமா. நான்தான் உங்கிட்ட வந்து சொன்னேனே"ன்னு சொன்னேன்.

"எப்ப மைனி?"

"அன்னைக்குத்தான். நீ துணி அலசிட்டு வந்த பெறவு. சாப்பாடு ஒண்ணும் குடுத்துராதன்னு சொன்னேன்லா. பாலும் சாப்பாடுதான?"

அவ மிச்சப் பித்தானையும் போட்டு முடிச்சா. தம்பி என்னையப் பாத்தான், அவளைப் பாத்தான். ஊருக்கு வந்து எறங்கினதும் அவ ரெண்டு பையில துணி எடுத்து வச்சா. பிள்ளையத் தூக்கிக்கிட்டு கோவில்பட்டி போயிட்டா. ஒரு சண்டை இல்ல, சத்தம் இல்ல. பத்து நாளு கழிச்சு தம்பியும் வண்டிய எடுத்துக்கிட்டு அங்க போயிட்டான். இப்பம் அங்கேருந்துதான் லோடு அடிக்கான். அஞ்சு மாசமாச்சு. வீட்டுல நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்துல எழுவது பிள்ளைக்குச் சோறு பொங்கிட்டு வந்து, வீட்டுல எனக்கு ஒரு பிடி அரிசி போட முடியல டீச்சர். அளவு தெரிய மாட்டேங்கி.

இன்னைக்குப் பரிசோதனைன்னு எனக்குத் தெரியும், பழைய சீட்டுல தேதி இருந்துது. யாரும் கூப்பிடல. நானாத்தான் போனேன். காலைல ஆறு மணிக்கே போயி அந்த பெஞ்சுல உக்காந்துட்டேன். ஒன்பதரைக்கு வந்தாவ. பிள்ளை என்ன உசரம்! பள்ளிக்கூடத்துல போட்டுருக்காவளாம், ரெட்டைச் சடை. என்னையக் கண்டதும் அவ அப்பன் காலுக்குப் பின்னால போயிட்டா.

தம்பி, "எதுக்குக்கா வந்த?"ன்னான். செண்பகந்தான், "இருக்கட்டும், பிள்ளையப் பாக்க வந்திருக்காங்க"ன்னா. டாக்டர் பாத்து முடிச்சு, எல்லாம் நல்லாயிருக்குன்னு சொன்ன பெறவு வெளிய மரத்தடியில நின்னோம். தம்பி டீ வாங்கியாந்தான். செண்பகம் பிள்ளையக் கீழ எறக்கி விட்டுட்டு என் முன்னால வந்து நின்னா. டீச்சர், அவ இத்தன வருசத்துல எங்கிட்ட சேந்தாப்புல இவ்வளவு பேசினது இதுதான்.

"மைனி, நீங்க எம் பிள்ளைக்கு ராத்திரியும் பகலுமா முழிச்சிருந்து பாத்தீங்க. அத நான் மறக்கல. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் வேணும். அன்னைக்கு எங்கிட்ட சொல்லலன்னு இவரு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. சொன்னா இப்பமே உங்ககூட பஸ் ஏறுதேன். பிள்ளையையும் கூட்டிட்டு வாரேன்."

தம்பி டீயக் கையில வச்சுக்கிட்டு நிக்கான். குடிக்கல. என் வாயவே பாக்கான். ஏழு வயசுல எங்க அம்மாவ எடுத்துட்டுப் போன அன்னைக்கு என்னைய அப்படித்தான் பாத்தான்.

"சொன்னேன் தாயி"ன்னுட்டேன்.

எப்படி வந்துதுன்னே தெரியல. அவ குனிஞ்சு பிள்ளையத் தூக்கிக்கிட்டா. பெறவு, "சரி மைனி, பாத்துப் போங்க"ன்னா. தம்பிதான் ரோட்டுவரைக்கும் வந்து என்னைய ஆட்டோவுல ஏத்தி விட்டான். "அக்கா, இனிமே ஆஸ்பத்திரிக்கு வராத"ன்னான். அவன் குரல்ல கோவம் இல்ல. கோவப்பட்டிருந்தாத் தேவலாம்னு இருக்கு.

சாத்தூர் தாண்டிட்டா? அதுக்குள்ளயா.

டீச்சர், நீங்க யாரோ, நான் யாரோ. எறங்கினா மறுபடி பாக்கப் போறதில்ல. நான் அவகிட்ட சொல்லல. சாப்பாடுன்னும் சொல்லல, பாலுன்னும் சொல்லல. நர்ஸ் சொல்லி முடிச்சதும் மஸ்கட்லேருந்து என் மவன் போன் போட்டான். ரெண்டு மாசமாப் போடாத பயல் அன்னைக்குன்னு பாத்துப் போடுதான். வராண்டாவுக்குப் போயி பேசினேன். பேசிட்டு வந்தா ஒரே அசதி. பாய விரிச்சுப் படுத்துட்டேன். அவ துணி அலசிட்டு வந்து, "மைனி, நர்ஸ் எதுவும் சொன்னாங்களா?"ன்னு கேட்டா. கேட்டா டீச்சர். "ஒண்ணும் இல்ல, படு"ன்னேன். தூக்கத்துல சொன்னேன்.

தியேட்டர் வாசல்லயே எனக்கு ஞாபகம் வந்துட்டு. அவன் கை ஓங்கும்போதே வந்துட்டு. அப்பமே சொல்லியிருக்கணும். அப்பம் சொல்லல. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த பெறவு எப்படிச் சொல்ல? பாஸ வாங்கின பெறவு எப்படிச் சொல்ல? ஒவ்வொரு நாளும் சொல்லாம விட்டது மறுநாளைக்குப் பூட்டாப் போச்சு. அந்த ஆறு நாளும் நான் பிள்ளை வாயில தண்ணி படாமப் பாத்தேன், பாத்தீங்களா, என்னாலதான் பிள்ளைக்கு அந்த நெலமைன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் ஒரு சொட்டு விடல. அவளை உள்ள விட்டுருந்தா பக்கத்துல உக்காந்து, 'மைனி, எங்கிட்ட யாரு சொன்னா'ன்னு மெதுவாக் கேட்டுருப்பா. அதுக்குப் பயந்தும்தான். ரெண்டும்தான்.

என்ன சொல்லுதீங்க? போன் போடவா? இப்பமா? பஸ்ஸு போடுத சத்தத்துல என்னத்த கேக்கும். அதுவும் போக சார்ஜும் கம்மியாத்தான் இருக்கு. அவியளும் இந்நேரம் பஸ்ஸுல ஏறியிருப்பாவ, பிள்ளை தூங்கும். நம்பரா? இருக்கு, இருக்கு. மேலேயே இருக்கு, செண்பகம்னு. எம் மவன் போட்டுக் குடுத்தான், அவ படத்தோட.

நான் கூப்பிட்டா எடுக்க மாட்டாளோன்னு கேக்கீங்களா? எடுப்பா டீச்சர். ரெண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்து, "சொல்லுங்க மைனி"ம்பா. அவ எடுக்க மாட்டான்னு தெரிஞ்சா எப்பவோ போட்டிருப்பேனே.